துணைக்கால்

"சின்னவன் பேசுறேன் பேரு படபடா வயசு இருபத்தி மூணு இருக்கிறது லாண்டரிக்குப் பின்பக்கம் மூணாம் மாடி கடைசி ரூம் சாப்பிட்டாச்சு உடம்பு நல்லாருக்கு இனி விஷயத்துக்கு வர்றேன்"

போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், அது தானாக எழுதிக்கொள்ளும்படி சொல்கிற ஒவ்வொரு செய்தியையும் அவன் இப்படித்தான் ஆரம்பிப்பான். அதற்குக் காரணம் இருந்தது. கடல் தாண்டி வந்த முதல் வாரம், புது நம்பரிலிருந்து வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பினான். அக்கா பதில் எழுதினாள்: "அம்மா நம்ப மாட்டேங்கிறா. எம்புள்ளைக்கு நாலு வரி சேர்ந்தாப்புல எழுத வராது, இது எவனோ ஏமாத்துக்காரன்னு சொல்றா. நம்ம மாவு மிஷினோட எந்தக் காலுக்கு அடியில கட்டை வச்சிருக்குன்னு கேக்குறா." பின்பக்கத்து இடது கால் என்று அவன் சொன்ன பிறகுதான் அம்மா அவனை மகனாக ஏற்றுக்கொண்டாள். அன்றிலிருந்து பெயர், வயது, இருப்பிடம் சொல்லாமல் அவன் வாயைத் திறப்பதில்லை.

அம்மா சொன்னதும் பொய் இல்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். எங்கே ஒற்றைக்கொம்பு, எங்கே இரட்டைக்கொம்பு என்பதில் இன்றைக்கும் தடுமாற்றம். லாண்டரி வேலைக்கு வந்த பிறகு இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. சோப்புக் காரத்தில் விரல் நுனியெல்லாம் உரிந்து வழவழப்பாகிவிட்டது. போன் கண்ணாடியில் ஒரு எழுத்தைத் தொட்டால் பக்கத்து எழுத்து வரும், சில நேரம் எதுவுமே வராது. அதனால்தான் வாயால் எழுதினான். வாயால் பேசுவதைக் குரலாகவே அனுப்பிவிடலாமே என்றால், அம்மாவுக்குக் காது கேட்காது.

வீட்டின் முன்னறைதான் மாவு மில். எட்டடி ஆழம், பத்தடி அகலம். ஷட்டரைத் தூக்கினால் ரோடு. அப்பா செத்த வருஷத்திலிருந்து அம்மாவும் அக்காவும்தான் ஓட்டுகிறார்கள். அரிசிக்கு ஒரு கல், மிளகாய்க்கு ஒரு கல். மிளகாய் அரைக்கிற நாளில் தெருவே தும்மும். மோட்டாரின் உறுமலும் பெல்ட் அடிக்கிற படபடப்பும் இருபத்தாறு வருஷம் சேர்ந்து அம்மாவின் இரண்டு காதுகளையும் தின்றுவிட்டன. சின்னவனுக்குப் படபடா என்று பெயர் வந்ததும் அந்தப் பெல்ட்டால்தான். எதற்கெடுத்தாலும் பதறுவான். "பெல்ட்டு ஒண்ணு மிஷின்ல கெடக்கு, இன்னொண்ணு இவன் நெஞ்சுக்குள்ள கெடக்கு" என்று அப்பா சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது.

காது போனாலும் அம்மாவுக்குக் கண் இருந்தது. மிஷின் ஓடும்போது யார் கத்தினாலும் எவருக்கும் கேட்காது, அதனால் மில்லுக்கு வருகிறவர்கள் எல்லோரும் வாயை அசைத்துத்தான் பேசுவார்கள். கொரகொரவென்று வேண்டுமா, நைசாக வேண்டுமா, இன்னொரு தரம் போடணுமா, எல்லாவற்றையும் உதட்டிலிருந்தே எடுத்துவிடுவாள். எதிர்வீட்டு டெய்லர் தன் ஜன்னலுக்குள் நின்றுகொண்டு, "மில்லுக்காரம்மா எடை குறைக்குது" என்று பொண்டாட்டியிடம் முணுமுணுத்ததற்கு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்து, "நீ வெட்டுற துணியில கால் அடி குறையுதே, அதைச் சொல்லு" என்று பதில் கொடுத்தவள்.

அந்த ஷட்டரில்தான் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

கரண்ட் ஆபீஸ் காகிதம் என்று நினைத்து அக்கா பத்து நாள் அதைக் கண்டுகொள்ளவில்லை. பதினோராம் நாள் ஒரு படம் எடுத்து அனுப்பினாள். வெள்ளையாக ஒரு புகைதான் தெரிந்தது. மறுபடி எடுத்தாள். அதே புகை. "கேமரா கண்ணுல மாவு அப்பியிருக்கும், தொடைச்சிட்டு எடுக்கா" என்று இவன் சொல்ல, பதினான்காம் நாள்தான் எழுத்துத் தெரிகிற மாதிரி ஒரு படம் வந்தது. படித்ததும் இவன் நெஞ்சுக்குள் பெல்ட் ஓட ஆரம்பித்துவிட்டது. உடனே கூப்பிட்டான்.

"அக்கா, மிஷினை நிறுத்து. நிறுத்திட்டு வந்து பேசு."

"நிறுத்தியாச்சு, சொல்லு. எட்டு வாட்டி படிச்சிட்டேன்டா. ஒவ்வொரு வார்த்தையும் தமிழாத்தான் இருக்கு, சேர்த்துப் படிச்சாத்தான் வேற என்னமோ பாஷையா இருக்கு. 'தங்கள் அனுபோகத்தில் உள்ள கட்டடம்'னு போட்டிருக்கான். இந்த வயசுல அம்மாவுக்கு என்னடா அனுபோகம்?"

"சிரிக்காதக்கா. அனுபோகம்னா கையில வச்சிருக்கிறதுன்னு அர்த்தம். நீங்க இருக்கிற வீடு, அவ்வளவுதான்."

"அதுக்கு இப்படி ஒரு வார்த்தையா? சரி, அடுத்தது படிக்கிறேன் கேளு. 'முகப்பிலிருந்து ஆறு அடி சாலை விரிவாக்கத்துக்குத் தேவைப்படுவதாக அளவையில் தெரியவருவதால், அறிவிப்பு ஒட்டப்பட்ட பதினைந்து தினங்களுக்குள் நேரில் ஆஜராகிப் பகுதி அ அல்லது பகுதி ஆ-வில் கையொப்பமிடுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.' கேட்டுக்கறானாம். நல்ல மரியாதைக்காரன்தான்."

"ஆறு அடிக்கா. ஷட்டர்லேருந்து ஆறு அடி எங்க வரும்?"

அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. அக்கா தரையைப் பார்த்து அடியெடுத்து வைத்து அளக்கிறாள் என்று இவனுக்குத் தெரிந்தது.

"மிஷினோட முன்னங்கால் ரெண்டும் ரோட்டுல நிக்கும்டா" என்றாள். குரலில் கேலி போயிருந்தது. "அப்புறம் பஸ் டிரைவர்தான் இறங்கி வந்து மிளகாய் அரைக்கணும்."

"அவங்க எப்படிக்கா அளந்தாங்க? நீ பார்த்தியா?"

"பார்த்தேனே. ஒருத்தன் டேப்பை எதிர்வீட்டு டெய்லரோட படிக்கட்டுல வச்சுப் பிடிச்சான், இன்னொருத்தன் இந்தப் பக்கம் இழுத்தான். அந்தப் படிக்கட்டே ரோட்டுலதான இருக்கு! சுவத்துலேருந்துல்ல அளக்கணும்?"

படபடாவுக்கு அப்போதுதான் மூச்சு கொஞ்சம் இறங்கியது. லாண்டரியில் உடன் வேலை செய்கிறவர்களுக்கு வருகிற பர்மிட் காகிதங்கள், ஆஸ்பத்திரிக் காகிதங்கள் எல்லாவற்றையும் படித்துச் சொல்லிச் சொல்லி அவனுக்கு ஒரு வழி பிடிபட்டிருந்தது. எந்த ஊர் அரசாங்கக் காகிதமாக இருந்தாலும் அதற்குள் மூன்று விஷயம்தான் இருக்கும். என்ன கேட்கிறார்கள், எத்தனை நாளுக்குள் கேட்கிறார்கள், நாம் சும்மா இருந்தால் என்ன ஆகும். மற்றதெல்லாம் மேலே சுற்றிய துணி.

"இங்க பாருக்கா. பகுதி அ-ன்னா ஒப்புதல். நீங்க அளந்தது சரிதான், எடுத்துக்கங்க, திரும்ப அளக்கச் சொல்லிக் கேக்க மாட்டோம்னு அர்த்தம். பகுதி ஆ-ன்னா ஆட்சேபம்."

"ஆட்சேபம்னா கோர்ட்டு கேஸாடா? நமக்கெதுக்குடா கவர்மெண்டோட சண்டை?"

"சண்டையே இல்லக்கா. 'அளவு தப்பா இருக்கு, மறுபடி வந்து அளந்து பாருங்க'ன்னு கேக்குறது. அதுக்கு அவங்க வெச்ச பேர்தான் ஆட்சேபம். கடையில அரிசி வாங்குறோம், எடை சந்தேகமா இருந்தா, 'அண்ணே இன்னொரு தரம் தட்டுல வைங்க'ன்னு சொல்றதில்லையா? அது மாதிரி."

"அப்படின்னு எழுதித் தொலைக்க வேண்டியதுதான?" என்றாள் அக்கா. "சரி. எல்லாத்தையும் எழுதி அனுப்பு. எதுல போடணும், எதுல போடக் கூடாதுன்னு எனக்கு அ-வும் ஆ-வும் கலங்கிப் போயிரும். அம்மாவும் படிச்சாத்தான் ஒத்துக்குவா. நோட்டீஸ் அம்மா பேர்ல இருக்கு, அவதான் நேர்ல போகணும்."

அன்று சாயங்காலமே அவன் முதல் செய்தியை வாயால் எழுதி அனுப்பினான். கால் மணி நேரத்தில் அக்காவிடமிருந்து பதறிக்கொண்டு பதில் வந்தது. "டேய், யாரைடா கொல்லப் போறாங்க?"

எடுத்துப் பார்த்தான். 'நாம் போகவில்லை என்றால் ஆட்சேபம் இல்லை எனக் கொள்ளப்படும் என்று போட்டிருக்கிறது' என்று இவன் சொல்லியிருந்தான். போன் அதை, 'ஆட்சேபம் இல்லை என கொல்லப்படும்' என்று எழுதி வைத்திருந்தது. அம்மா அந்த வரியைப் படித்துவிட்டு அரைக்க வந்தவர்களின் டின்களை வரிசையில் அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிட்டாளாம். ஒரு ளகரம் வழுக்கியதில் இத்தனை. "போன் தப்பா எழுதிருச்சுக்கா, யாரையும் கொல்லல" என்று சொல்லி அவளைச் சிரிக்கவைத்து, அம்மாவைத் திரும்ப மிஷினிடம் கொண்டுவருவதற்குள் இவன் சோறு ஆறிவிட்டது.

மறுநாள் காலை, பதினைந்தாம் நாள். வேலைக்கு இறங்குவதற்கு முன், லாண்டரியின் பின்சந்தில் நின்று முடிவாக ஒரு செய்தி சொன்னான். தலைக்கு மேலே துணி காய வைக்கிற மிஷினின் அனல் குழாய் ஊதிக்கொண்டிருந்தது. பெயர், வயது, இருப்பிடம் சொன்னான். பகுதி அ என்றால் என்ன, பகுதி ஆ என்றால் என்ன என்று நிதானமாகச் சொன்னான். கடைசியில், எதில் கையெழுத்து என்று சொன்னான். மணி அடித்தது. திருப்பிப் படிக்காமல் அனுப்பிவிட்டு ஓடினான்.

லாண்டரியில் அவனுக்குச் சலவைத் துணியைத் தேய்க்கிற பெரிய உருளையில் வேலை. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் ஈரமாக வந்து குவியும். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு மூலையைப் பிடித்து, ஒரு உதறு உதறி, ஓரம் சரிபார்த்து, உருளைக்குள் கொடுக்க வேண்டும். கொதிக்கிற உருளை அதை வாங்கி அந்தப் பக்கம் அட்டை மாதிரி தள்ளும். ஓரம் ஒரு விரல் அளவு பிசகினாலும் மடிப்பு விழுந்துவிடும். அவனுக்கு ஜோடி சுருக்கண்ணன். துணியில் ஒரு சுருக்கம் விழுந்தால் அவருக்குப் பொறுக்காது. யார் எதைச் சொல்ல வந்தாலும், "சுருக்கமாச் சொல்லு" என்பார். எந்தக் காரணத்தால் அந்தப் பெயர் வந்தது என்று இனிக் கண்டுபிடிக்க முடியாது.

"என்னடா, இன்னைக்கு உன் பக்கம் ஓரம் ஆடுது?" என்றார்.

"வீட்டுல இன்னைக்கு அம்மா ஆபீஸ் போறாங்கண்ணே. அந்த ரோடு நோட்டீஸ்."

"எழுதி அனுப்பிட்டல்ல?"

"அனுப்பிட்டேன்."

"அப்புறம் என்ன? என் பர்மிட் லெட்டரை நீ படிச்சுச் சொல்லலேன்னா நான் இந்நேரம் மூட்டையைக் கட்டியிருப்பேன். 'வராத பட்சத்தில் விருப்பமில்லை எனக் கருதப்படும்'னு எழுதியிருந்தானே, நான் என்னவோ என்மேல ரொம்பக் கருத்தா இருக்காங்கன்னு நெனச்சேன். உதறு, உதறு. நெஞ்சை இல்ல, துணியை."

பதினொரு மணிக்கு டீக்கு விட்டார்கள். படபடா கிளாஸைச் சுவரோரம் வைத்துவிட்டுப் போனை எடுத்தான். அக்கா எழுதியிருந்தாள்.

"சரிடா நீ சொன்ன மாதிரியே ரெண்டுலயும் கையெழுத்துப் போடச் சொல்லி அம்மாகிட்ட சொல்லிட்டேன். சாப்பிட்டுட்டுக் கெளம்பிட்டா. மிளகாய்க்கு வரிசை நிக்குது, நான் போக முடியல. போனை அவகிட்டயே குடுத்து விட்டிருக்கேன், எடுத்துக் காட்டச் சொல்லி."

ரெண்டுலயுமா?

தான் அனுப்பியதை மேலே தேடிப் போனான். எல்லாம் சரியாக இருந்தது. கடைசி வரிக்கு வந்தான்.

"அதனால பகுதி அ ல கையெழுத்து வேணும் பகுதி ஆ ல கையெழுத்து வேணும் பயப்படாம போயிட்டு வா"

அவன் சொன்னது 'அ-வுல வேணாம்'. அனல் குழாய்ச் சத்தத்தில் போனுக்கு அது 'வேணும்' என்று கேட்டிருக்கிறது. வேணாம், வேணும். நடுவில் ஒரு துணைக்கால். அதை உருவிவிட்டு அந்த இடத்தில் ஒரு கொக்கியை மாட்டியிருந்தது போன்.

நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் இருந்த வரி நினைவுக்கு வந்தது. இரு பகுதிகளிலும் கையொப்பமிடப்பட்டிருப்பின் பகுதி அ மட்டுமே செல்லத்தக்கது.

கூப்பிட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து நின்றது. மறுபடி கூப்பிட்டான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. வீட்டில் இருக்கிற ஒரே போன், காது கேட்காத ஒருத்தியின் பைக்குள் கிடந்து அடித்துக்கொண்டிருக்கிறது. டெய்லர் நம்பரும் அந்தப் போனுக்குள்தான் இருக்கிறது. அக்கா மிஷின் பக்கத்தில். யாரிடம் சொல்வது?

இங்கே பதினொன்று என்றால் அங்கே ஒன்றரை. சாப்பாட்டு நேரம் முடிந்து இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறப்பார்கள்.

டீ ஆறிவிட்டது. மணி அடித்தார்கள். உருளைக்கு முன் போய் நின்றான். நாலாவது விரிப்பிலேயே மூலை கையிலிருந்து நழுவி, துணி கோணிக்கொண்டு உள்ளே போய், விசிறி மடிப்பாக வெளியே வந்தது. சுருக்கண்ணன் பட்டனைத் தட்டி உருளையை நிறுத்தினார்.

"என்னடா ஆச்சு? சுருக்கமாச் சொல்லு."

"வேணாம்னு சொன்னேன். போன் வேணும்னு எழுதிருச்சு. அம்மா கையெழுத்துப் போடப் போறாங்க. போட்டா மில்லு போயிரும்ணே."

சுருக்கண்ணன் இதைவிடச் சுருக்கமாக எதையும் கேட்டிருக்க மாட்டார்.  விரிப்புக் குவியலைக் காலால் ஓரம் தள்ளிவிட்டு, தலையணை உறை வண்டியை இழுத்து முன்னால் போட்டார்.

"இது ஒரு ஆளே குடுக்கலாம். சூப்பர்வைசர் வந்தா உனக்கு வயித்தைக் கலக்குதுன்னு சொல்றேன். அது ஒண்ணும் பொய்யும் இல்ல. போ."

பின்சந்துக்கு ஓடினான். மூன்றாவது தடவை, நான்காவது தடவை. ஆறாவது தடவை யாரோ எடுத்தார்கள்.

"யாருங்க அது? அரை மணி நேரமா இந்தம்மா பை கத்திக்கிட்டே இருக்கு. ஆபீஸ்ல நாலு பேர் வேலை பாக்க வேணாமா?"

"அண்ணே, அண்ணே, வச்சிராதீங்க. நான் அவங்க மகன். வெளியூர்லேருந்து பேசுறேன். அவங்களுக்குக் காது கேக்காது. நீங்க யாருண்ணே?"

"நான் இங்க பியூன். அவங்களைத்தான் இப்பக் கூப்பிட்டிருக்கு. பேனா வாங்கிட்டாங்க."

"போட்டுட்டாங்களா?"

"கண்ணாடியைத் தொடைச்சிட்டு இருக்காங்க."

"அண்ணே, அவங்ககிட்ட பகுதி அ-வுல போட வேணாம்னு சொல்லுங்கண்ணே. ஆ-வுல மட்டும்."

பியூன் குரலைத் தாழ்த்தினார். "தம்பி, அதை நான் சொல்ல முடியாது. ஒப்புதல்ல போடாதேன்னு ஆபீஸ் ஆளே தடுத்தான்னு நாளைக்கு என் பேர்ல ஒரு நோட்டீஸ் வரும். எனக்கும் புள்ளைகுட்டி இருக்கு. நீயே சொல்லிக்க. முகம் தெரியற மாதிரி கூப்பிடு, நான் அவங்க முன்னாடி பிடிக்கிறேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

வைத்துவிட்டு வீடியோவில் கூப்பிட்டான். சுற்றியது, சுற்றியது, பிடித்தது. கலங்கலாக ஒரு மேஜை, ஒரு காகிதக் கட்டு, பிறகு அம்மா. தலைமுடியில் வகிடு வரைக்கும் மாவு வெள்ளை. முகம் கழுவிக்கொண்டுதான் வந்திருப்பாள், ஆனாலும் புருவத்தில் இருக்கும். அவனைப் பார்த்ததும், அந்த ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாக, "சாப்பிட்டியாடா?" என்றாள்.

அவன் தலையை ஆட்டினான். நோட்டீஸ் கையில் காகிதமாக இல்லை, எதைக் காட்டுவது? விரலால் காற்றில் ஒரு அ போட்டான். மில்லில் மிஷினுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு சின்ன வயதில் பேசின மாதிரி, சத்தமே இல்லாமல், உதட்டை மட்டும் அகல அகல அசைத்தான்.

அ-வு-ல. வே. ணா...

படம் நின்றுவிட்டது.

அவன் பக்கத்தில் அம்மாவின் முகம் பாதிக் கண் மூடினபடி உறைந்துபோய் நின்றது. "அம்மா! அம்மா!" என்று கத்தினான். பின்சந்தில் பூனை ஒன்று எழுந்து ஓடியது. படம் அசையவில்லை, ஆனால் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. போனைக் காதோடு வைத்து அழுத்திக்கொண்டான்.

"நின்னு போச்சும்மா" என்று பியூன் கத்திச் சொல்வது கேட்டது. "படம்! நின்னு! போச்சு!"

"நின்னா என்ன?" இது அம்மா. "நின்ன எடத்துல வாய் தொறந்துதான இருக்கு? பாருங்க."

"அதுக்கு?"

"அ-வுல வேணாங்கிறான்."

"எப்படிம்மா சொல்றீங்க? வேணும்னுகூடச் சொல்லியிருக்கலாம்ல? உங்க பையன் எழுதினதுல அப்படித்தான இருக்குது. நீங்கதான எல்லாருக்கும் காட்டினீங்க?"

"வேணும்னா வாய் குவியும், ஐயா. பாட்டில்ல ஊதுற மாதிரி. நீங்களே சொல்லிப் பாருங்க. வேணாம்னா தொறக்கும். இவன் வாயைப் பாருங்க, உள்நாக்கு வரைக்கும் தெரியுது."

 பியூன் மெதுவாகத் தனக்குத்தானே, "வேணும்... வேணாம்..." என்று சொல்லிப் பார்ப்பது கேட்டது. இன்னொரு குரலும், அது ஜன்னலுக்குள் இருந்த ஆளாக இருக்கும், "வேணாம்... வேணும்..." என்றது.

"எனக்கு அப்பவே என்னமோ மாதிரி இருந்துச்சு" என்று அம்மா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். "மிஷினை எடுத்துக்கன்னு எழுதிக் குடுக்கச் சொல்லி எம்புள்ளை சொல்லுவானான்னு வழியெல்லாம் யோசிச்சுட்டே வந்தேன். ஆனா அவன்தான எழுதியிருக்கான், அவனுக்குத் தெரியாதான்னு பேனாவை எடுத்துட்டேன். இந்தக் காகிதத்துல ஆ எது? இதுவா? இந்தக் கால் போட்டது?"

 தன் கண்ணுக்கும் அறிவுக்கும் தப்பு என்று பட்ட ஒன்றை, மகன் எழுதினான் என்பதற்காக அவள் செய்ய இருந்தாள்.

பேனா காகிதத்தில் ஓடுகிற சத்தம் போனில் கேட்காது. ஆனால் அம்மா கையெழுத்துப் போடும்போது ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் சொல்லிக்கொண்டே போடுவாள். அது கேட்டது. ஒரு தடவைதான் கேட்டது. பிறகு டம் என்று ஒரு சீல் விழுந்தது.

"தம்பி, இருக்கியா?" பியூன். "ஆட்சேபம் பதிவாயிருச்சு. ரசீது குடுத்தாச்சு. பத்து நாளைக்குள்ள வந்து மறுபடி அளப்பாங்க. அன்னைக்கு வீட்டுல ஆள் இருக்கணும். டேப்பை எங்க வச்சுப் பிடிக்கிறாங்கன்னு பக்கத்துலயே நின்னு பாக்கச் சொல்லு. இதை நான் சொன்னேன்னு சொல்லாத."

அவன் சந்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான்.  உள்ளே போனபோது, சுருக்கண்ணன் தலையணை உறைகளை ஒரு ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருந்தார்.

"என்ன?"

"போடல."

"அதான பார்த்தேன்" என்று விரிப்பின் இரண்டு மூலைகளை எடுத்து அவன் பக்கம் வீசினார். "உதறு."

சாயங்காலம் அக்கா கூப்பிட்டாள். அவள் பேசுவதற்குள் பின்னாலிருந்து அம்மாவின் குரல் பேசியது. ஏதோ பட்டியல் போட்டுக்கொண்டிருந்தது.

"என்னக்கா சொல்றாங்க?"

"நம்ம பக்கத்து வரிசையில இன்னும் பதினோரு வீட்டுக்கு இதே நோட்டீஸ் ஒட்டியிருக்கான்டா. அவங்களுக்கெல்லாம் பிந்தி ஒட்டினதால இன்னும் நாள் இருக்கு. எல்லா வீட்டையும் டெய்லர் படிக்கட்டுலேருந்துதான் அளந்திருக்கான். மாவு வாங்க வந்த சைக்கிள் கடைக்காரர் நேத்தே போய் அ-வுல போட்டுட்டு வந்துட்டாராம். ஒப்புதல்னா நோட்டீஸ் கிடைச்சதுன்னு அர்த்தம்னு நெனச்சாராம். டெய்லர் வேற வந்து, 'என் படிக்கட்டை ஏன் இழுக்குறீங்க'ன்னு ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போனான். அம்மா சொல்றா, நம்ம ஷட்டர்ல நீ சாதாரணத் தமிழ்ல எழுதி ஒட்டணுமாம். நோட்டீஸுக்குப் பக்கத்துலயே."

"நான் சொல்றேன், நீ எழுதுக்கா."

"அதெல்லாம் இல்ல. நீயே எழுதணுமாம். போன் எழுதக் கூடாதாம். உன் கையாலயாம். தப்பு இருந்தாலும் பரவாயில்லையாம், உன் தப்பு எப்படி இருக்கும்னு அவளுக்குத் தெரியுமாம்."

லாண்டரியில் துணிக் கட்டுகளோடு வருகிற மஞ்சள் சீட்டின் பின்பக்கம் வெறுமையாக இருக்கும். அதில் எழுதினான். விரல் நுனியில் பேனா வழுக்கியது. பஞ்சைச் சுற்றிப் பிடித்துக்கொண்டான். எந்த ரகரம் என்று இரண்டு இடத்தில் சுருக்கண்ணனைக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை. துணைக்கால்களை மட்டும் ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு எண்ணிப் பார்த்தான். படம் எடுத்து அனுப்பினான். அக்கா அதைப் பெரிய தாளில் எழுத்துக்கு எழுத்து, தப்புக்குத் தப்பு, அப்படியே பார்த்து எழுதி, மாவுப் பசை காய்ச்சி ஒட்டினாள்.

*எழுதுறது மில்லுக்காரம்மாவோட சின்னவன். பேரு படபடா. வயசு இருபத்தி மூணு. இப்ப தூரத்துல ஒரு லாண்டரியில வேலை பாக்குறேன். இது கையால எழுதுனது.*

*பக்கத்துல இருக்கிற நோட்டீஸ்ல ரோட்டை அகலமாக்க உங்க வீட்டு முன்பக்கம் கொஞ்சம் வேணும்னு கேக்குறாங்க. எத்தனை அடின்னு உங்க நோட்டீஸ்ல பாருங்க. அனுபோகம்னா நீங்க இருக்கிற வீடு. பயப்பட ஒண்ணும் இல்ல.*

*ஒட்டுன நாள்லேருந்து பதினஞ்சு நாள் டைம். சும்மா இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவாங்க.*

*அளவு சரின்னு தோணுனா அ-வுல கையெழுத்துப் போடுங்க. அதுக்கப்புறம் திரும்ப அளக்கச் சொல்லிக் கேக்க முடியாது. அளவு சந்தேகமா இருந்தா ஆ-வுல போடுங்க. மறுபடி அளப்பாங்க. அதுக்குப் பேர்தான் ஆட்சேபம். சண்டை இல்ல. ரெண்டுலயும் போட்டா அ மட்டும்தான் செல்லும், அதனால ரெண்டுலயும் போட வேணாம்.*

*இதைப் படிக்கிறவங்க யாரா இருந்தாலும், படிக்கத் தெரியாதவங்க பக்கத்துல நின்னா அவங்களுக்கும் படிச்சுச் சொல்லிட்டுப் போங்க. கடைசியில வேணாம்னு வர்ற எடத்துல மட்டும், முகத்தைப் பார்த்து, வாயை நல்லாத் தொறந்து சொல்லுங்க.*